பெட்டிக்குள் வந்த கப்பல்: மாதிரிகளின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அபத்தமான காரியம்தான். சென்னைக் கடல் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஊர் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில். கடல் எங்களிடம் கண்டெய்னராகத்தான் வருகிறது. தேசிய நெடுஞ்சாலை 44ல், ராத்திரி பதினோரு மணிக்கு மேல், வரிசை வரிசையாக. உள்ளே இருப்பவை பெரும்பாலும் உதிரிகள். உதிரிகளைச் சேர்த்துப் பண்டமாக்கி அனுப்புவதுதான் 1970களிலிருந்து இந்த ஊரின் தொழில். ஆகவே 'கிட்' என்ற சொல்லை ஓசூர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜூஜூவாடி எல்லையில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் அது தெரியும்.

போன மே மாதம் நான் ஒரு கிட்டைப் பிரித்தேன். கௌரவ விரிவுரையாளனுக்கு மே மாதம் சம்பளம் கிடையாது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். கையில் காசில்லை, நேரம் நிறைய இருந்தது. இத்தாலியில் கொஞ்சகாலம் வேலை பார்த்துத் திரும்பிய மைத்துனன் கொடுத்துவிட்டுப் போன பெட்டி ஒன்று நான்கு வருஷமாகப் பரணில் கிடந்தது. மரத்தாலான மாதிரிப் பாய்க்கப்பல், இரண்டு பாய்மரம், 60க்கு 1 அளவு. பெட்டியின் மேல் கப்பல் முழுதாக, நீலக்கடலில், பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒட்டுப்பலகைத் தகடுகள், கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டிகள், நூல்கண்டுகள், கடுகளவு கப்பிகள், பித்தளைப் பீரங்கி நான்கு, அப்புறம் ஒரு விளக்கத்தாள்.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு நாவாய், வங்கம், கலம், அம்பி, திமில் என்று கப்பலுக்குப் பத்துப் பெயர் தெரியும். கப்பலின் உறுப்பு ஒன்றுக்காவது பெயர் தெரியுமா என்றால் தெரியாது. ஏரா என்பது அடிமரம், வங்கு என்பது விலா, அணியம் முன்பக்கம், பருமல் பாய் கட்டும் குறுக்குமரம் என்பதெல்லாம் தூத்துக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் போனில் சொல்லித்தான் தெரிந்தது. கப்பல் கட்டும் தச்சரை அங்கே ஓடாவி என்கிறார்கள். நம் பாடத்திட்டம் கப்பலைக் கரையில் நின்று பார்த்த புலவனுடையது. கட்டியவனுடைய சொற்கள் அதற்குள் வரவில்லை. இது தற்செயலாக நடந்ததென்று நான் நினைக்கவில்லை.

2

கிட் கப்பல் கட்டுவது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்பலகையில் வெட்டிய ஏராவில் இடைவெளி விட்டுப் பள்ளங்கள் இருக்கும். அவற்றில் குறுக்குத் தகடுகளைச் செருகி ஒட்ட வேண்டும். இவற்றை வங்கு என்று சொல்ல முடியாது; கப்பலின் குறுக்குவெட்டு வடிவத்தில் அறுத்த முழுத்தகடுகள் அவை. மேலே ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பட்டிகளை முதல் அடுக்காக ஒட்டுகிறோம். அணியத்தில் உடம்பு ஒடுங்குவதால் ஒவ்வொரு பட்டியையும் நுனியில் சீவி ஒடுக்க வேண்டும். சீவாமல் ஒட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வளைப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு சூடு காட்ட வேண்டும். பசை காயும்வரை பிடித்துக்கொள்ளத் துணி காயப்போடும் கிளிப்புகள் போதும். எல்லாம் ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் அரை மில்லிமீட்டர் வால்நட் பட்டியை இரண்டாம் அடுக்காக ஒட்டினால் 'மரக்கப்பல்' வந்துவிடும். முதல் அடுக்கின் கோணல்களையெல்லாம் இரண்டாம் அடுக்கு மூடிவிடுகிறது.

லெவி-ஸ்ட்ராஸ் 1962ல் வெளியான 'காட்டு மன'த்தில் சிறுமாதிரிகளைப் பற்றிப் பேசும்போது புட்டிக்குள் இருக்கும் கப்பலையும் குறிப்பிடுகிறார். பெரிய பொருளைப் பகுதி பகுதியாகத்தான் அறிய முடிகிறது. சின்னதாக்கியவுடன் முழுமை முதலில் கைக்கு வந்துவிடுகிறது, பகுதிகள் அதற்குப் பின்னால் வருகின்றன என்பது அவர் வாதம். அந்த இன்பத்தை நான் மறுக்க மாட்டேன். பதினெட்டு நாள் ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்திருக்கிறேன். கவலை மறந்தது. ஆனால் கிட்டின் விஷயத்தில் லெவி-ஸ்ட்ராஸின் வாதத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். முழுமை இங்கே என் கைக்கு வருவதற்கு முன்பே பெட்டியின் மேல் அச்சாகிவிட்டது. எந்தப் பட்டி எங்கே போகும் என்பதை வேறொருவர் வேறொரு தேசத்தில் தீர்மானித்துவிட்டார். எனக்கு மிச்சம் வைத்திருப்பது விரல்வேலை.

பேப்பூரில் உரு கட்டும் மூத்த தச்சர்கள் வரைபடம் இல்லாமல் கட்டுகிறார்கள். கணக்கு மனத்தில் இருக்கிறது, மரத்தைப் பார்த்துப் பார்த்து மாறுகிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950ல் அச்சிட்ட 'கப்பல் சாத்திர'த்தில் அளவும் சோதிடமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. அதைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. சாதிக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் பூட்டி வைக்கப்பட்ட அறிவுக்கு அதற்கான வன்முறை உண்டு. விளக்கத்தாள் ஒருவகையில் அந்தப் பூட்டை உடைத்தது. தச்சனாகப் பிறக்காத நானும் கப்பல் கட்ட உட்கார முடிந்தது அதனால்தான். ஆனால் உடைத்த கையோடு அது இன்னொன்றையும் செய்தது. கட்டுபவனையும் தீர்மானிப்பவனையும் இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டது.

தமிழ்நாட்டின் மோட்டார்த் தொழில் தொடங்கியதே கிட்டில்தான். 1948ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்த ஆஸ்டின் கார்களைச் சேர்த்துத் தந்தது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆயிற்று; 1980ல் ஓசூருக்கும் வந்தது. நவீனம் நமக்குப் பெட்டியில் வந்தது என்று சொன்னால் அதை உருவகமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

3

எங்கள் வீட்டு மாடியறையில் பையன்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். வடாற்காட்டுப் பக்கமும் கள்ளக்குறிச்சிப் பக்கமும் சொந்த ஊர். எல்லாருமே ஒப்பந்தத் தொழிலாளிகள். எட்டுப் பேருக்கும் பாய் நான்குதான்; ஷிப்ட் மாறி மாறிப் படுப்பதால் அது போதுகிறது. அவர்களில் ஒரு தம்பி, இருபத்துமூன்று வயசிருக்கும், ராத்திரி ஷிப்ட் இல்லாத நாளில் கீழே இறங்கிவந்து நான் கட்டுவதைப் பார்ப்பான். நான் ஒரு மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்த நூலேணி முடிச்சை அவன் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான். ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு படி, படிக்கு ஐந்தாறு முடிச்சு. "லைன்ல இதவிடப் பொடிசா ஒயர் போடுறோம் சார்" என்றான்.

அவன் விரலுக்கும் என் விரலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிறகு யோசித்தேன். ஒரே அசைவுதான். அங்கே அதை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கிறார்கள். இங்கே அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். உலகில் ஒருவனுக்குக் கூலியாக இருக்கும் வேலையை இன்னொருவன் காசு கொடுத்து வாங்கி ஓய்வாக அனுபவிக்கிறான் என்றால், இன்பம் வேலையின் தன்மையில் இல்லை என்றாகிறது. நேரம் யாருடையது என்பதில் இருக்கிறது. அந்நியமாதல் பற்றி நாம் எழுதிக் குவித்ததையெல்லாம் அந்தத் தம்பி ஒரே வரியில் சொன்னான்: "இதுவும் லைன் வேலைதான் சார், ஆனா யாரும் பின்னால நிக்கல."

கட்டுரைக்குக் காரணம் இதுவல்ல. இரண்டாம் அடுக்கை ஒட்டுவதற்கு முந்தின நாள் அவன் கப்பலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேல்தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு இருந்தது, சல்லடைபோல மரச்சட்டம் போட்டு. அதன் வழியாக உள்ளே பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சார், இதுல ஆளுங்க எங்க சார் படுப்பாங்க?"

நான் விளக்கத்தாளை எடுத்துப் பார்த்தேன். எங்கும் படுக்க முடியாது. கிட் கப்பலுக்கு உள்பக்கமே கிடையாது. தளத்துக்குக் கீழே குறுக்குத் தகடுகள் அறையறையாக அடைத்துக்கொண்டு நிற்கின்றன. திறப்புக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடச் சொல்கிறது தாள். பார்ப்பவனுக்கு ஆழம் இருப்பதாகத் தோன்றுமாம்.

எட்டுப் பேரும் நான்கு பாயுமாக இருக்கிறவனுக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் வருகிறது. எனக்கு வரவில்லை. நான் அணியத்தின் வளைவை ரசித்துக்கொண்டிருந்தேன்.

4

அந்த வளைவுக்கு ஒரு வரலாறு உண்டு. என் பெட்டியில் இருந்தது பால்டிமோர் வகை ஸ்கூனர். ஒல்லியான உடல், கூரான அணியம், பின்னுக்குச் சாய்ந்த பாய்மரங்கள். 'வேகமும் அழகும்' என்கிறது பெட்டி. 1807, 1808ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அடிமை வியாபாரத்தைச் சட்டப்படி தடை செய்த பிறகு, ரோந்துக் கப்பல்களிடமிருந்து தப்பி ஓட அடிமை வியாபாரிகள் விரும்பி வாங்கியது இந்த வகைக் கப்பல்களைத்தான். 'தோஸ் அமிகோஸ்', அதாவது 'இரண்டு நண்பர்கள்' என்ற பெயருள்ள அடிமைக்கப்பல் 1830ல் பிரிட்டிஷ் கடற்படையிடம் பிடிபட்டது. அது இன்று அழகான கிட்டாகக் கடையில் கிடைக்கிறது. நாம் மேஜைமேல் வைத்து ரசிக்கிற உடல்கோட்டுக்கு விலையேற்றியது அதன் வயிற்றில் அடைக்கப்பட்டவர்களின் உடல்கள். கிட் அந்த வயிற்றை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் தருகிறது.

பார்த் தன் 'தொன்மங்க'ளில் (1957) ழூல் வெர்னின் நாட்டிலஸ் பற்றி எழுதும்போது, கப்பல் என்பது பயணத்தைவிட அடைப்பின் இன்பத்தைக் குறிக்கிறது என்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு உலகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற இன்பம். சரிதான். ஆனால் அடைப்பு யாருக்கு இன்பம்? கேப்டனின் அறைக்கும் அடித்தளத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி அந்த வாசிப்பு பேசுவதில்லை.

மாதிரிக் கப்பலைத் தொழிலாகவே செய்யும் தீவு ஒன்று உண்டு: மொரீஷியஸ். 1960களின் கடைசியில் க்யூர்பீப்பில் தொடங்கிய இந்தத் தொழிலில் ஐரோப்பியப் போர்க்கப்பல்களும் வணிகக் கப்பல்களும் ஏற்றுமதிக்காகச் செய்யப்படுகின்றன. கயிறு கட்டுவதும் பாய் தைப்பதும் பெரும்பாலும் பெண்கள். பாய்க்குப் பழமை ஏற்றத் துணியைத் தேயிலைச் சாயத்தில் நனைக்கிறார்கள். தீவின் ஏற்றுமதி மண்டலச் சட்டம் 1970ல் வந்தது. 'நுண்ணிய விரல்கள்' என்று பெண்களைப் புகழ்ந்தே கூலியைக் குறைக்கும் தந்திரத்தை டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981லேயே எழுதிவிட்டார்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏறும் பெண்களைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கட்டுரை பழசாகத் தோன்றாது. அதே மொரீஷியஸுக்கு 1730களிலும் 40களிலும் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுபோனார்கள். 1834லிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போனார்கள். அடித்தளத்தில் வந்தவர்களின் தீவு இன்று அடித்தளம் தெரியாத கப்பல்களைச் செய்து விற்கிறது.

வேறு மாதிரி செய்யவே முடியாதா? முடிந்திருக்கிறது. லிவர்பூலைச் சேர்ந்த 'ப்ரூக்ஸ்' என்ற அடிமைக்கப்பலின் குறுக்குவெட்டுப் படம் 1788ல் அச்சாயிற்று. அந்த ஆண்டின் சட்டப்படி அது ஏற்றக்கூடியவர்கள் 454 பேர். அதற்குமுன் 600க்கும் மேல் ஏற்றியிருக்கிறது. படத்தை மரத்தில் மாதிரியாகவும் செய்தார்கள். வில்பர்ஃபோர்ஸ் அதை நாடாளுமன்றத்தில் காட்டினார். அந்த மாதிரி இன்றும் ஹல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸில் மிராபோவும் ஒன்று செய்வித்தார். பாய்மரத்தின் கம்பீரத்தைக் காட்ட அவை செய்யப்படவில்லை. 'ஆளுங்க எங்க படுப்பாங்க' என்ற கேள்விக்குப் பதிலாகச் செய்யப்பட்டவை. மாதிரி என்ற வடிவத்தின் மீது எனக்குப் பகை இல்லை என்று சொல்வதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

5

தமிழ்ச் சூழலில் கப்பல் ஒரு பெருங்கதையாடல். மேடைகளிலும் கட்-அவுட்டுகளிலும் சோழர் கப்பல் வராத ஆண்டு கிடையாது. ஆனால் சோழர் கடற்படைக் கப்பல் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய உடைகலம் ஒன்றும் கிடைக்கவில்லை. உடல் இல்லாத இடத்தில் மாதிரி வந்து நிற்கிறது. அதன் முன்முகப்பில் புலி உறுமுகிறது. துடுப்புப் போட்டவன் யார், எந்தச் சாதி, என்ன கூலி என்ற கேள்விகளுக்கு அந்தக் கப்பலில் இடமில்லை. இந்தியப் பெருமைக்கும் இதே கதைதான். அஜந்தா ஓவியம் ஒன்றை ஆதாரமாக வைத்துக் கட்டிய தையல் கப்பல் 'கௌண்டின்யா' 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. வரைபடம் இல்லாத நிலையில் சிறுமாதிரி செய்து சென்னை ஐ.ஐ.டி.யில் சோதித்தார்கள், கேரளத்துக் கைவினைஞர்கள் கயிற்றால் பலகைகளைத் தைத்தார்கள். அறிவு என்ற வகையில் அது மதிக்கத்தக்க வேலை. விழா மேடையில் அது வேறொன்றாகிறது. தைத்த கைகள் பின்னுக்குப் போய் நாகரிகம் முன்னுக்கு வந்துவிடுகிறது.

'திரிங்கோமலி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கதை இதைவிடச் சிக்கலானது. தமிழ்த் துறைமுகத்தின் பெயர். பம்பாயில் வாடியா குடும்பத்துத் தச்சர்கள் தேக்கில் கட்டியது. 1817 அக்டோபரில் நீரில் இறங்கியது. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812ல் அமெரிக்கர்களோடு நடந்த சண்டையில் அழிந்ததால் இன்னொரு செட் அனுப்ப வேண்டியதாயிற்று. தச்சர்கள் கைகட்டிக் காத்திருந்தார்கள், விளக்கத்தாளுக்காக. பல தலைமுறையாகக் கப்பல் கட்டியவர்களையும் காலனியம் கிட் சேர்ப்பவர்களாக்கியது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கப்பல் இன்று இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயரை மாற்றினார். அவ்வூர் மாலுமிகள் அதை ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் சேர்த்தார்கள். புதுப்பெயர் அமெரிக்கப் பெண் ஒருவருடையது. கட்டியவர்கள், ஓட்டியவர்கள், பெயர் வைத்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தால் கப்பல் ஒரு பிரதியாக வாசிக்கக் கிடைக்கிறது.

இதற்கு மறுபக்கம் வ.உ.சி. 1906ல் பதிவான சுதேசிக் கம்பெனி 1907ல் கொண்டுவந்த 'காலியா', 'லாவோ' இரண்டும் வெளிநாட்டில் கட்டிய நீராவிக் கப்பல்கள். கப்பல் அந்நியம் என்பதால் அந்த அரசியல் அந்நியமாகிவிடவில்லை. அதே மனிதர் 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களோடு நின்றார். கப்பலையும் மில்லையும் ஒரே கேள்வியாகப் பார்த்த கண் அது. நம் நினைவில் கப்பல் மட்டும் தங்கி மில் உதிர்ந்துபோனது எப்படி என்று கேட்க வேண்டும். செக்கிழுத்த செம்மல் மாதிரிக்கும் இரண்டாம் அடுக்கு ஒட்டியாயிற்று.

6

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 1982ல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது. அவரும் 'படிகள்' நண்பர்களும் பெங்களூரில் இயங்கியவர்கள்; ஓசூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். 1990ல் 'நிறப்பிரிகை' வந்தது. அந்தத் திறப்புகள் இல்லையென்றால் என் போன்றவன் கோனார் நோட்ஸிலிருந்து வெளியே வந்திருக்க மாட்டான். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் எங்கள் தலைமுறை அதை எப்படிப் பயன்படுத்தியது? பெட்டியின் மேல் பூக்கோ படம். உள்ளே உதிரிகள்: சொல்லாடல், மற்றமை, விளிம்பு, கட்டுடைப்பு. எந்தச் சிறுகதை கிடைத்தாலும் தாள்படி செருகி ஒட்டினோம். பதினைந்து பக்கத்தில் கட்டுரை வந்தது. கோணல் தெரிந்த இடத்தில் மேற்கோள் என்ற வால்நட் பட்டியை ஒட்டித் தேய்த்தோம். திறப்புக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட். ஆழம் இருப்பதாகத் தோன்றியது.

என் எம்.பில். ஆய்வேடு இப்படித்தான் செய்யப்பட்டது. தொழிற்பேட்டைச் சிறுகதைகளில் உடல் என்பது தலைப்பு. நூற்று நாற்பது பக்கத்தில் உடல் என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ண முடியாது. அதில் எவனும் எங்கேயும் படுக்கவில்லை.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் சந்தோஷப்படும் என்று தெரியும்: கோட்பாடே வேண்டாம், மண்ணின் மரபுக்குத் திரும்புவோம் என்பவர்கள். அவர்கள் காட்டுகிற கப்பலுக்கும் அடித்தளம் இல்லை என்பதைத்தான் மேலே சொன்னேன். பெட்டி எங்கிருந்து வந்தது என்பது என் பிரச்சினை அல்ல. ப்ரூக்ஸ் மாதிரியும் வெளியிலிருந்து வந்த அறிவுதான், காலியாவும் அப்படித்தான். மூடுவதற்குப் பயன்படுகிறதா, திறப்பதற்கா என்பது மட்டுமே கேள்வி. விமர்சனத்தின் வேலை கப்பலை அழகாக முடித்துக் கொடுப்பதல்ல. குறுக்கே வெட்டிக் காட்டுவது.

இதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கடற்படை வாரியத்துக்காகச் செய்த மாதிரிகளில் உடலின் கீழ்ப்பகுதியைப் பலகை மூடாமல், விலாக்கள் தெரியும்படி விட்டார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். அதிகாரமும் திறந்து காட்டும். எலும்புகளைக் காட்டும், ஆட்களைக் காட்டாது. அமைப்பை அம்பலப்படுத்திவிட்டோம் என்று நாம் பூரித்துப்போகும் கட்டுரைகள் பலவும் இந்த ரகம்.

ஜூன் பிறந்து கல்லூரி திறந்ததும் கப்பல் வேலை நின்றுபோனது. இடப்பக்கம் வால்நட் ஒட்டிப் பளபளப்பாக இருக்கிறது. வலப்பக்கத்தில் முதல் அடுக்குப் பட்டிகள் எட்டைப் பிரித்தெடுத்துவிட்டேன். ஒட்டுப்பலகை தெரிகிறது, மேலே கம்பெனியின் எண் அச்சோடு. அந்தத் தம்பிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட்டான். போகும் முன் பார்த்துவிட்டு, "தகட்ட அறுத்து எடுத்தாத்தான் சார் எடம் வரும், ஆனா எடுத்தா நிக்காது" என்றான். கிட்டில் அது உண்மைதான். நிற்கும்படி வேறு விதமாகக் கட்டுவது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்த தோழர்கள் எழுதலாம்.